சோறு வைத்தவனே சாப்பிட அழைக்கட்டும்

கேள்வி: நான் பினாங்கில் வசிக்கும் தமிழ்ப்பெண். கணவர் ஹொக்கியன் மொழி பேசும் சீனர். திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மாமனார் காலமான பிறகு மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். பழைய பழக்கவழக்கங்களை விடாதவர். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான் வீடு திரும்ப மாலை ஏழு மணி ஆகிவிடும்.

மகள் பள்ளி விட்டு வந்ததும் துணி மடிப்பது, சோறு வைப்பது, சாப்பிட்ட பின் பாத்திரம் கழுவுவது என எல்லாவற்றையும் மாமியார் அவளிடம்தான் சொல்வார். மகன் தான் சாப்பிட்ட கிண்ணத்தைக்கூட எடுத்துவைக்க வேண்டியதில்லை. கேட்டால், "அவன் படிக்கட்டும்" என்பார். கணவரிடம் சொன்னால், சின்ன வயதில் அப்பாவின் குவே தியாவ் (அரிசி நூடுல்ஸ்) கடையில் தான் எத்தனை கிண்ணம் கழுவினேன் என்று கதை சொல்வாரே தவிர, இதில் தலையிட மாட்டார்.

போன டிசம்பரில் தாங் சே என்ற குளிர்காலப் பண்டிகைக்கு முந்தைய மாலை, குவே ஈ என்ற அரிசிமாவு உருண்டைகளை உருட்ட மாமியார் மகளைக் கூப்பிட்டார். "தம்பியைக் கூப்பிடுங்கள், அவனுக்கும் கை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மாமியார் தனியாக உட்கார்ந்து உருட்டி முடித்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நான் வளர்ந்த வீட்டில் இப்படி இல்லை. என் அம்மா எங்களை, அண்ணன்களையும் சேர்த்துத்தான், ஒரு வேலையும் செய்யவிட்டதில்லை. சீனக் குடும்பங்களில் ஆண்பிள்ளை என்றால் இப்படித்தானா? மகளை விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பெயர் வேண்டாத வாசகி, பினாங்கு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள். படிப்புக்காக என்றால் அது வேறு பேச்சு. இந்தச் சண்டைக்காக அனுப்பினால், அவள் செய்த வேலை தம்பி கைக்குப் போகாது, உங்கள் கைக்குத்தான் வரும். "எதிர்த்துப் பேசினேன், வீட்டை விட்டு அனுப்பினார்கள்" என்ற கணக்கு அவள் மனத்தில் ஏறிவிடும். அதை அழிக்க நாளாகும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்தது மாமியாரைப் பற்றிய வரிகள் அல்ல. "என் அம்மா எங்களை ஒரு வேலையும் செய்யவிட்டதில்லை" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். பிறகு யார் செய்தார்கள்? அந்த வீட்டிலும் சோறு வெந்திருக்கும், துணி காய்ந்திருக்கும், பாத்திரம் கழுவப்பட்டிருக்கும். ஒருவர் தலையில் எல்லாம் விழுந்திருந்தது. அவர் முணுமுணுக்கவில்லை என்பதால் உங்கள் கண்ணில் படவில்லை. இப்போது அதே பாரம் 13 வயதுப் பெண்ணின் தலையில் இருக்கிறது. அவள் முணுமுணுக்கிறாள், அதனால் தெரிகிறது. ஆகவே இதைச் சீனர் வழக்கம், தமிழர் வழக்கம் என்று பிரித்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்த வழக்கில் நம் வீடுகளுக்கு நீதிபதி நாற்காலி கிடையாது.

சீனக் குடும்பங்களில் ஆண்பிள்ளைக்குத் தனி மதிப்பு உண்டா என்றால், உண்டு. மறைக்க ஒன்றுமில்லை. குடும்பப் பெயர் அவன் வழியாகப் போகிறது. மூதாதையர் பெயர் எழுதிய பலகைக்கு முன் ஊதுபத்தி ஏற்றுவது அவன் கடமை. 'ஆணுக்கு எடை அதிகம், பெண்ணுக்கு எடை குறைவு' என்று பொருள்படும் நான்கெழுத்துத் தொடரே சீனத்தில் இருக்கிறது. அதைக் குறையாகத்தான் சொல்வார்கள். ஆனால் மதிப்பு அதிகம் என்பதால் வேலை கிடையாது என்று அந்த மரபு சொன்னதாக நினைத்தால், அது தவறு. சொல்லப்போனால் நேர் எதிர்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜூ போலு என்ற ஆசிரியர் எழுதிய குடும்ப நெறி ஒன்று உண்டு. பல தலைமுறைச் சீனச் சிறுவர்கள் மனப்பாடம் செய்தது. அதன் முதல் வரி எப்படித் தொடங்குகிறது தெரியுமா? விடிந்ததும் எழு, முற்றம் தெளித்துப் பெருக்கு. நம் வீட்டு வாசல் வேலைதான், ஒரு சொல் மாறவில்லை. அந்தப் பாடத்தைப் படித்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்பிள்ளைகள், ஏனென்றால் அந்தக் காலத்தில் எழுத்து படித்ததே பெரும்பாலும் அவர்கள்தான்.

அடுத்தது, உங்கள் வீட்டுக்கென்றே எழுதியது போன்றது. வரிக்கு மூன்று எழுத்தாக ஓடும் சான்சுஜிங் என்ற பழைய சிறுவர் பாடத்தில் ஹுவாங் சியாங் என்ற பையன் வருகிறான். ஹான் அரசர் காலத்தவன், தாயை இழந்தவன். கோடையில் தந்தையின் படுக்கைக்கு விசிறுவான். குளிர்காலத்தில் தானே முதலில் படுத்துப் போர்வையைச் சூடேற்றிவைப்பான். அவனுக்கு என்ன வயது என்று அந்தப் பாடலே சொல்கிறது: ஒன்பது. உங்கள் மகனின் வயது. உங்கள் மாமியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் போகாவிட்டாலும் இந்தக் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். இதற்கு அடுத்தாற்போல் அதே பாடலில் வருபவன் கோங் ரோங். நான்கு வயதில் பெரிய பேரிக்காய்களை விட்டுவிட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டவன். இந்தக் கதையைச் சொல்லி மூத்த பிள்ளைகளை "விட்டுக்கொடு, விட்டுக்கொடு" என்று அடக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கதையில் விட்டுக்கொடுத்தவன் தம்பி, அண்ணன்மாருக்காக. இந்தச் சின்ன விவரம் எப்படியோ எல்லா வீடுகளிலும் தொலைந்துபோகிறது.

"ஆண்மகன் அடுக்களைப் பக்கம் போகக் கூடாது என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று உறவினர் யாராவது இடையில் வருவார்கள். மென்சியஸ் என்ற பழஞ்சீனச் சிந்தனையாளர் சொன்னது அது. மன்னர் ஒருவர், பலிக்கு இழுத்துச் செல்லப்படும் மாடு நடுங்குவதைப் பார்த்து இரங்கி, அதை விட்டுவிடச் சொல்கிறார். அந்தப் பேச்சின் நடுவேதான், உயிரின் அலறலைக் கேட்டவனுக்கு அதன் இறைச்சியைத் தின்ன மனம் வராது, ஆகவே மேன்மக்கள் அடுக்களையிலிருந்து விலகி இருக்கிறார்கள் என்கிறார் மென்சியஸ். இரக்கத்தைப் பற்றிய பேச்சு. கிண்ணம் கழுவுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாதம் செய்து வெல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாமியாரிடம் மேற்கோள் காட்டிப் பேசவே பேசாதீர்கள், அது முகத்தில் அடித்தது போலாகும். உங்கள் மனத்திலிருக்கும் "அவர்கள் மரபே இப்படி" என்ற முடிச்சு அவிழ வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அது அவிழாமல் நீங்கள் அவரிடம் என்ன பேசினாலும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

இப்போது உங்கள் கணவருக்கு வருகிறேன். அப்பாவின் கடையில் கிண்ணம் கழுவியதை அவர் பெருமையாகச் சொல்கிறார், வீட்டில் கிண்ணத்தைத் தொடுவதில்லை. அதே கிண்ணம், அதே சவர்க்காரம், அதே கை. என்ன வேறுபாடு? கடையில் கழுவியது குடும்பத்துக்குச் சோறு போட்ட வேலை. அதில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அப்பா பார்த்தார், வாடிக்கையாளர் பார்த்தார், "கெட்டிக்காரப் பையன்" என்று யாரோ தட்டிக்கொடுத்திருப்பார். வீட்டில் கழுவுவதை யாரும் பார்ப்பதில்லை, அது பெண்களின் வேலை என்று பெயராகிவிட்டது. பினாங்கில் எத்தனையோ கடைவீடுகளில் பையன்கள் நாற்காலி அடுக்கி, மேசை துடைத்து, காப்பி கொண்டுபோய் வைத்து வளர்ந்தார்கள். அவர்களை வேலை செய்யாத பிள்ளைகள் என்று யாரும் சொல்ல முடியாது. கடை போனது. கடையோடு சேர்ந்து ஆண்பிள்ளைக்கு வீட்டில் இருந்த வேலையும் போய்விட்டது. அந்த இடத்தில் டியூஷன் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் மகன் சோம்பேறி அல்ல. அவனுக்கு இன்னும் யாரும் ஒரு கடையைத் தரவில்லை, அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் ஒன்று செய்து பாருங்கள். அவன் சீனப்பள்ளியில் படிப்பவன் என்றால், வகுப்பைப் பெருக்குவதும் கரும்பலகை துடைப்பதும் முறைவைத்துச் செய்யும் வேலைதானே என்று அவனிடம் கேளுங்கள். தன் முறை எந்தக் கிழமை என்று தயங்காமல் சொல்வான் என்று நினைக்கிறேன். வீட்டில் துடைப்பம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.

படிப்பு கெட்டுவிடும் என்ற பயத்தை லேசாக எடுக்கவில்லை. வறுமையைப் பார்த்த தலைமுறைக்குப் படிப்பு ஒன்றுதான் மேலே ஏறும் ஏணி. ஆனால் சீனாவிலேயே, 2022ஆம் ஆண்டு இலையுதிர் காலப் பருவத்திலிருந்து, ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உழைப்பு என்பது தனிப்பாடம். வாரத்துக்கு ஒரு வகுப்பாவது உண்டு. முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகள் கீரை ஆய்ந்து கழுவ வேண்டும், ஐந்தாம் ஆறாம் வகுப்பில் தக்காளி முட்டைப் பொரியல் போல இரண்டு மூன்று கறிகள் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். படிப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று ஒரு தலைமுறையை வளர்த்துப் பார்த்த பிறகு வந்த ஏற்பாடு இது. இதைக் கணவரிடம் சொல்லுங்கள். அவர் தன் தாயிடம் சொல்லட்டும்.

மாமியாரைப் பற்றி இன்னும் ஒன்று. அவர் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்று உங்களுக்குத் தெரியுமா? பதினைந்து ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் இதைக் கேட்காத மருமகள்கள் என்னிடம் வருகிறார்கள். அவர் மூத்த பெண்ணாக இருந்தால், பெரும்பாலும் தம்பி தங்கைகளை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவராக இருப்பார். அந்தக் காலத்து மலாயாவில் அப்படிப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட மூத்த பெண்கள் ஏராளம். உங்கள் மகளிடம் வேலை வாங்குவது அவருக்கு வஞ்சனை அல்ல. மூத்தவள் எப்படி வளர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பேத்தி கதவைச் சாத்தியபோது அவர் தனியாக உட்கார்ந்து உருட்டினாரே, அந்தக் காட்சியை நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. குவே ஈ தனியாக உருட்டுவதற்கு உள்ள பண்டம் அல்ல. மாவைச் சிவப்பும் வெள்ளையுமாகப் பிசைந்து வட்டத்தட்டில் வைத்து, பெரியவர் சிறியவர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, கோணலும் மாணலுமாக உருட்டுவது. ஆணும் உருட்டலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உங்கள் மகள் அன்று கேட்டது குறும்பாக இருந்திருக்கலாம், கேள்வி சரியானது.

இனிச் செய்ய வேண்டியது. வேலைப் பட்டியல் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டாதீர்கள். பெரியவர் இருக்கும் வீட்டில் அந்தத் தாள் ஒரு வாரம் தாங்காது. ஒரே ஒரு வேலை போதும். அதை முழுதாகக் கொடுங்கள்.

அந்த வேலை சோறு.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில், சாப்பிடும் குச்சியைத் தொடுவதற்கு முன் பிள்ளைகள் பெரியவர்களை வரிசையாக அழைப்பார்கள் அல்லவா? "ஆ மா, சியாக் புங்." பாட்டி சாப்பிடுங்கள், அப்பா சாப்பிடுங்கள், அம்மா சாப்பிடுங்கள். வயது வரிசை தப்பக் கூடாது. அந்த மரியாதையை உங்கள் மகன் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறான். அவன் அழைக்கும் சோற்றை வைத்தவள் மட்டும் வேறொருத்தி. இரண்டையும் ஒன்றாக்குங்கள். சோறு வைத்தவனே சாப்பிட அழைக்கட்டும்.

மின்சாரக் குக்கர் என்பதால் ஒன்பது வயதுக்கு ஆபத்தில்லை. சூடான மூடியைத் திறப்பதை மட்டும் பெரியவர் பார்த்துக்கொள்ளலாம். அரிசியை அளந்து, மூன்று முறை களைந்து, பானையின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து உள்ளே வைப்பது வரை அவன் பொறுப்பு. தண்ணீர் எவ்வளவு? விரல் நுனியை அரிசியின் மேல் வைத்து முதல் கணு வரை. உங்கள் அம்மாவும் அப்படித்தான் அளந்திருப்பார், மாமியாரும் அப்படித்தான் அளப்பார். இதில் இரு வீட்டுக்கும் சண்டையே இல்லை. சிறுவனின் விரல் சிறியது, முதல் சில நாள் சோறு கொஞ்சம் விறைப்பாக வரும். வரட்டும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், இன்று யார் தாமதம், அரிசி தீர்ந்துவிட்டதா என்று கவனிப்பதும் அவன் வேலைதான். பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் பெற்றோர் பலர் கையை மட்டும் கொடுத்துவிட்டு நினைவைத் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள். "அரிசி வைத்தாயா?" என்று தினமும் நீங்கள் கேட்டால் அந்த வேலை இன்னும் உங்களுடையது. மறந்தால், அன்றைக்கு எல்லோரும் அரை மணி நேரம் காத்திருப்பீர்கள். பாட்டியும் காத்திருப்பார். திட்ட வேண்டாம்.

இதற்குக் காசு கொடுக்காதீர்கள். சிவப்பு உறையில் வைத்துத் தரும் அங்பாவ் பெருநாளோடு நிற்கட்டும்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். சொல்ல வேண்டிய இடம் சாப்பாட்டு மேசை அல்ல. பிள்ளைகள் இல்லாத நேரத்தில், தாயிடம், ஹொக்கியனில். "அவனும் வேலை செய்ய வேண்டும் அம்மா" என்று தொடங்கினால் அது மருமகளின் குரலாகத்தான் கேட்கும். "அப்பா கடையில் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இவனுக்கு யார் கற்றுக்கொடுப்பார்கள்? நீங்கள்தான்" என்று சொல்லட்டும். அரிசி களையக் கற்றுத்தருவது பாட்டியாகவே இருக்க வேண்டும். தான் கற்றுக்கொடுத்த வேலையைப் பேரன் கெடுக்கிறான் என்று அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி, பேரன் செய்ய வேண்டியதை அவன் எழுவதற்குள் யாருக்கும் தெரியாமல் முடித்துவைத்துவிடுவார், பாசம் அப்படி. உங்கள் வீட்டிலும் முதல் வாரம் குக்கர் பொத்தானை அவரே அழுத்தியிருப்பார். பார்க்காதது போல் இருங்கள். அடுத்த வாரம் கணவர், "இன்றைக்குச் சோறு யார் வைத்தது?" என்று மகனைப் பார்த்து ஒரு முறை கேட்டால் போதும்.

அதோடு கணவர் தன் கிண்ணத்தைத் தானே கழுவ வேண்டும். இதற்கு விளக்கம் தேவையில்லை. கடைக்கதையை அப்போது சொல்லட்டும், பையன் பக்கத்தில் நின்று கேட்பான்.

மகள் விஷயம்தான் கடினம். தம்பிக்கு ஒரு வேலையைக் கூட்டியதால் மட்டும் அவளுக்கு நியாயம் கிடைத்துவிடாது. அவளிடமிருந்து எடுக்க வேண்டும், எடுத்தது அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது: "நீ அக்கா, தம்பி சரியாகச் செய்கிறானா என்று பார்த்துக்கொள்" என்பது. சொல்லாதீர்கள். அவள் பாத்திரத்தை விட்டுவிட்டுத் தம்பியைச் சுமப்பாள். சோறு குழைந்தாலும் விறைத்தாலும் அவளுக்குச் சம்பந்தமில்லை என்று அவள் காதுபடச் சொல்லுங்கள்.

நீங்கள் ஏழு மணிக்கு வரும்போது எல்லாம் முடிந்திருப்பது உங்களுக்கும் வசதியாகத்தான் இருந்திருக்கிறது. பழி சொல்லவில்லை, வேலை முடிந்து வந்தவளுக்கு அது வரம். ஆனால் மாமியாரின் பெயரில் நடந்த இந்த ஏற்பாட்டில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மகளிடம் ஒரு முறை ஒப்புக்கொள்ளுங்கள். "நீ செய்ததால்தான் என்னால் வேலைக்குப் போக முடிந்தது, அதை நான் சொல்லாமலே இருந்துவிட்டேன்" என்றால் போதும். கூடவே அறிவுரை எதையும் ஒட்டாதீர்கள். பிறகு, இத்தனை நாள் செய்த வேலைகளில் எதை வைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்று அவளையே கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பாள். சரி என்று சொல்லி ஒரு மாதம் அப்படியே விடுங்கள். துணியை நீங்களும் கணவரும் மடியுங்கள். இதற்கு மாமியார் முகம் சுளிப்பார், அந்த ஒரு மாதத்தைத் தாங்க வேண்டியது நீங்கள்தான்.

குவே ஈ விஷயத்தில் மகளைப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில், முன்னோர் கல்லறைக்குப் போகும் செங் பெங் நாள் வரும். குடும்பத்தோடு தாத்தாவின் கல்லறைக்குப் போவீர்கள்: புல் பிடுங்க வேண்டும், கல்லில் மங்கிய எழுத்துகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். சாயத் தூரிகையைப் பேரனிடம் கொடுக்கத்தான் பாட்டியின் கை முதலில் நீளும். அப்போது கணவர் புல் வெட்டும் கத்தரிக்கோலை மகன் கையில் கொடுத்துவிட்டு, "எழுத்தை அக்கா எழுதட்டும், அவளுக்குத்தான் கை நடுங்காது" என்று தன் தாயிடம் சொல்லட்டும். பாட்டி என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.